எனக்கு 168, தங்கச்சிக்கு 4.3

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் லண்டனில் இருந்து தங்கச்சி வட்ஸ்அப்பில் எடுப்பாள். 2024 ஆனி மாதம் ஒரு ஞாயிறு, அவளுடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் என்னுடையதும் ஒரே கிழமையில் வந்திருந்தன. அவளுக்கு எல்டிஎல், அதுதான் எல்லோரும் கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்வது, 4.3. எனக்கு 168. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு நாலு, உனக்கு நூற்றறுபத்தெட்டோ? தேங்காயைக் குறை, தேங்காயைக் குறை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொதியில் பால் காணாது என்று முகம் சுளிக்கிற ஆள் அவர். அது கிடக்கட்டும்.

உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான். அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. 4.3ஐ 38.7ஆல் பெருக்கினால் 166 வரும். முப்பது வருடமாக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. விளங்கப்படுத்தி முடிந்த பிறகுதான் எனக்கே ஒரு விசயம் உறைத்தது. தங்கச்சிக்கு அவளுடைய டொக்டர், உங்களுக்கு இப்போது குளிசை தேவையில்லை, சாப்பாட்டைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். எனக்கு அதே எண்ணுக்கு ஒரு மாதக் குளிசை எழுதியாகிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் கேட்டால் அவவுக்கு எங்கள் இருவரையும்விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்று வருடமாகக் குளிசை போடுகிறா. ஒரே குடும்பம், ஒரே ஊர்ச் சாப்பாடு, மூன்று நாடு, மூன்று தீர்ப்பு. கணக்கில் இப்படி மூன்று விடை வந்தால் வினாவில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

குளிசை எழுதியவரை நான் சனல் பண்ணித்தான் போய்ப் பார்த்தேன். டோக்கன் 41. உள்ளே இருந்தது இரண்டு நிமிசம். ரிப்போர்ட்டைப் புரட்டினார், "கொலஸ்ட்ரோல் கூட, இரவில ஒண்டு போடுங்கோ" என்றார். புகைக்கிறேனா, சீனி வருத்தம் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. பிரஷர்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னது பிழை என்று இப்போதும் நான் சொல்ல வரவில்லை. வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் நான் பிள்ளைகளுக்கே அரை மார்க்ஸ்தான் போடுவேன்.

அந்தக் கோபத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். யூடியூப்பைத் திறந்தேன். கொலஸ்ட்ரோல் என்பதே மருந்துக் கம்பனிகள் கட்டிவிட்ட கதை, தேங்காயெண்ணெய் அமிர்தம், எல்டிஎல் கூடக்கூட ஆயுள் கூடும் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். இரண்டு கிழமை இரவிரவாகப் பார்த்தேன். அவர்கள் காட்டும் சில ஆதாரங்கள் உண்மை என்பதுதான் அதில் உள்ள சிக்கல். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரோலுக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று அமெரிக்கா வருடக்கணக்காகச் சொல்லிவந்த அளவு 2015இல் வந்த உணவு வழிகாட்டியில் காணாமல் போனது உண்மை. 2013இல் அமெரிக்க இதய நிபுணர்கள், எல்டிஎல்லை இந்த எண்ணுக்குக் கொண்டுவா என்ற இலக்கைத் தூக்கிவிட்டு, பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்து 7.5 வீதத்தைத் தாண்டுகிறதா என்று பார் என்றதும், அந்தச் சூத்திரம் ஆபத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று உடனேயே சண்டை வந்ததும் உண்மை. 2014இல் இங்கிலாந்து, குளிசை தொடங்குவதற்கான கோட்டை 20 வீதத்தில் இருந்து 10 வீதத்துக்கு இறக்கியது. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் குளிசைக்குத் தகுதியானவர்கள் ஆனார்கள். 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் கொண்டுவந்த பிரிவென்ற் என்ற புதிய கணக்கு அதே ஆட்களுக்குப் பழையதைவிடக் குறைந்த ஆபத்தைக் காட்டுகிறது. வழிகாட்டி என்பது கல்வெட்டு இல்லை என்பது விளங்கிவிட்டது.

ஆனால் கோடு நகர்கிறது என்பது வேறு, கோட்டுக்குக் கீழே இருக்கும் பொருளே பொய் என்பது வேறு. என்னை அந்த யூடியூப் கிணற்றில் இருந்து தூக்கிவிட்டது 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிசிஎஸ்கே9 என்றொரு மரபணு இருக்கிறது. சிலருக்கு அது பிறப்பிலேயே பாதி வேலை செய்யாது. அதனால் அவர்களுக்கு எல்டிஎல் பிறந்ததில் இருந்தே குறைவு. அமெரிக்கக் கறுப்பின மக்களில் இப்படிப் பிறந்தவர்களைப் பார்த்தபோது எல்டிஎல் 28 வீதம் குறைவாக இருந்தது, இதய நாள நோயோ 88 வீதம் குறைவாக இருந்தது. இவர்கள் குளிசை போட்டவர்கள் இல்லை, டயட் இருந்தவர்களும் இல்லை. எந்தக் கம்பனியும் இவர்களுக்கு எதையும் விற்கவில்லை. இதைப் படித்த இரவு ஃபோனை மூடிவிட்டுப் படுத்தேன்.

பிறகு போனது ஓய்வுபெற்ற ஒரு பொது வைத்தியரிடம். வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் பார்ப்பார். அவர் முதலில் ரிப்போர்ட்டை வாங்கவே இல்லை.

"ரீச்சர், மாதவிடாய் நிண்டிட்டுதோ?"

"ரெண்டு வருசம், டொக்டர்."

"தைரொயிட் பார்த்தனீங்களோ?"

பார்க்கவில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களுக்கு எல்டிஎல் ஏறும் என்பதும், தைரொயிட் மந்தமானால் ஏறும் என்பதும் அன்றுதான் தெரியும். தைரொயிட் குறைந்து அதனால் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தால் முதலில் தைரொயிட்டுக்குத்தான் மருந்து. எனக்கு அது சரியாகவே இருந்தது. ஆனாலும் எல்டிஎல் திடீரென்று கூடியவர்கள் டிஎஸ்எச் என்ற அந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அவர் மேசை லாச்சியில் இருந்து ஒரு மட்டையை எடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் இருதய ஆபத்து அட்டவணை, 2019இல் திருத்தியது. உலகத்தை 21 பிராந்தியமாகப் பிரித்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெற்காசியா. ஆணா பெண்ணா, வயது, புகை, சீனி வருத்தம், மேல் பிரஷர், மொத்தக் கொலஸ்ட்ரோல். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி நிரையும் நிரலும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெட்டி. என் பெட்டி பச்சை. அதாவது அடுத்த பத்து வருடத்தில் எனக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு நூறில் ஐந்துக்கும் குறைவு.

"குளிசை போட்டால் எவ்வளவு குறையும்?" என்று கேட்டேன்.

"கால்வாசிக்கும் மூண்டிலொண்டுக்கும் இடையில."

எதன் கால்வாசி என்று கேட்காத பிள்ளைக்கு நான் மார்க்ஸ் போடுவதில்லை. என்னைப்போல நூறு ரீச்சர்மாரை நிற்பாட்டி வைத்தால் பத்து வருடத்தில் நாலு பேருக்கு வரும் என்று வையுங்கள். நூறு பேரும் பத்து வருடம் விடாமல் குளிசை போட்டால் நாலு மூன்றாகும். 96 பேருக்குப் போட்டாலும் வராது, போடாவிட்டாலும் வராது. அந்த ஒருத்தி நானாக இருக்கலாம் என்று நினைத்துப் போடுவது நியாயம். இப்போதைக்கு வேண்டாம் என்பதும் நியாயம். முதல் டொக்டர் எனக்குத் தராமல் விட்டது இந்தக் கணக்கைத்தான்.

இவர் இன்னொன்றும் சொன்னார், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் என்ற ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. "பத்து வருசக் கணக்கு நல்லது, ஆனால் நீங்கள் எழுபது வயசிலயும் இருக்கப் போறீங்கள்தானே? எல்டிஎல் வட்டி மாதிரி, சேர்ந்துகொண்டே போகும்" என்றார். அண்ணாவுக்கு இதய நாள அடைப்புக்கு ஸ்டென்ற் வைத்ததைச் சொன்னேன். எத்தனை வயதில் என்று கேட்டார். 58. ஆண் உறவுக்கு 55க்கு முன், பெண் உறவுக்கு 65க்கு முன் வந்திருந்தால் என் பெட்டியின் நிறத்தை அவ்வளவுக்கு நம்பக்கூடாது என்றார்.

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். ஆறு மாதம் சாப்பாடும் நடையும். எல்டிஎல் எப்போதாவது 190ஐத் தொட்டால், அல்லது சீனி வருத்தம் வந்தால், மறுபேச்சில்லாமல் குளிசை. 190க்கு மேல் என்றால் பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரோலாக இருக்கலாம், அதற்கு எந்தப் பெட்டியும் பார்க்கத் தேவையில்லை. என் கிளினிக் கொப்பியில் அவரே எழுதி, கீழே என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

ஆறு மாதத்தில் முதல் இரண்டு மாதத்தை நான் வீணாக்கினேன். முட்டையை விட்டேன். இறால், கணவாய், நண்டு எல்லாம் விட்டேன். நண்டை விட்டது சின்ன விசயம் இல்லை, ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குள் நல்லூர்த் திருவிழா வந்தது. 25 நாளும் வீட்டில் சைவம். கொலஸ்ட்ரோல் இப்போது ஓடிப்போயிருக்கும் என்ற நம்பிக்கையில், தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை நானே போய் இரத்தம் கொடுத்தேன். மொத்தம் 258, எல்டிஎல் 170. இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ரைகிளிசரைட் 180இல் இருந்து 210க்கு ஏறியிருந்தது.

டொக்டர் சிரிக்கவில்லை. "25 நாள் என்ன சாப்பிட்டீங்கள், ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். பால்கறி, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், வடை, மோதகம், பாயாசம், கோயிலால் வரும்போது ஐஸ்கிறீம். தேங்காய், பருப்பு, மரக்கறியில் கொலஸ்ட்ரோல் இல்லை என்றே சொல்லலாம், சரி. ஆனால் எங்கள் ஈரல் கொலஸ்ட்ரோலைத் தானே செய்துகொள்ளும். நிறைவுற்ற கொழுப்புக் கூடினால் ஈரல் இரத்தத்தில் இருந்து எல்டிஎல்லைத் திருப்பி எடுப்பது குறையும். முட்டையில் கொலஸ்ட்ரோல் உண்டு, நிறைவுற்ற கொழுப்புக் குறைவு. இறாலில் இன்னும் குறைவு. தேங்காய்ப்பாலில் தலைகீழ். குற்றவாளியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாங்கள் மூன்று பேர், ஒரு நாளைக்கு ஒன்றரைத் தேங்காய். ஒரு தேங்காயின் பருப்பு 300 கிராம் என்று வைத்தால் மூன்றிலொரு பங்கு கொழுப்பு, அதில் பத்துக்கு ஒன்பது நிறைவுற்றது. ஆளுக்கு 45 கிராம். சக்கையோடு போவதைக் கழித்தாலும் முப்பதுக்குக் குறையாது. 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 22 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

"அந்தக் காலத்துச் சனம் தேங்காய் தின்னேல்லையோ?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பசிபிக்கில் தொக்கெலாவ் என்ற தீவுக்கூட்டத்து மக்கள் தங்கள் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயில் இருந்து எடுத்தும் இதய நோய் அரிதாகவே இருந்தது என்று ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அவர்களுக்கும் கொலஸ்ட்ரோல் கூடத்தான் இருந்தது, அதோடு அவர்கள் சாப்பிட்டது தேங்காய், மீன், கிழங்கு. பணிசும் ரோல்ஸும் சோடாவும் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் நாங்களும் மெலிந்துதான் இருந்தோம். சீனி இல்லை, பெற்றோல் இல்லை, எங்கே போனாலும் சைக்கிள். அப்போது யார் லிப்பிட் புரொபைல் எடுத்தது? வேறு தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஏறக்குறைய 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று 2020இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். நல்ல கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் கூட்டுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

தேங்காய் இல்லாத யாழ்ப்பாணச் சமையல் என்பது நடக்கிற காரியம் இல்லை. நான் விட்டது முதற்பாலை மட்டும். எங்கள் சொதியை எடுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள், இவற்றைக் கப்பிப்பாலில், அதாவது முதற்பாலுக்குப் பிறகு பிழியும் மெல்லிய பாலில், அவியவிட்டு, கடைசியில் முதற்பாலை விட்டு, கொதிக்க விடாமல் இறக்கித் தேசிக்காய் பிழிவோம். அந்தக் கடைசிக் கோப்பைதான் கொழுப்பெல்லாம். அதற்குப் பதிலாக ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பைக் குழைய அவித்து, அகப்பையின் அடியால் மசித்து, கப்பிப்பாலில் கரைத்து விட்டேன். நிறம் வருகிறது, தடிப்பு வருகிறது, இடியப்பத்தில் விட்டால் ஊறுகிறது. முதல் நாள் அம்மா கோப்பையைத் தள்ளிவைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், குடித்துவிட்டார். சம்பலுக்குத் தேங்காய்ப்பூ இப்போதும் போடுகிறோம், அதில் நாராவது இருக்கிறது. பொரிப்பது கிழமைக்கு ஒருநாள். தாளிக்க நல்லெண்ணெய். ஒன்றரைத் தேங்காய் அரைத் தேங்காய்க்கு இறங்கியது. உண்மையைச் சொன்னால் 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியதற்கும் இதில் பங்குண்டு. என் மன உறுதியைவிட அந்த விலை உறுதியாக இருந்தது.

எதிர்பாராத ஆள் கோப்பி. எங்கள் வீட்டில் கேத்தலில் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்து, மண்டி அடியில் இறங்கியதும் தெளிவை ஊற்றுவோம். நான் நாலு கோப்பை குடிப்பேன், விடியப்புறம் விடைத்தாள் திருத்தும் காலத்தில் ஆறு. நோர்வேயில் துரொம்சோ என்ற ஊரில் கோப்பி கூடக் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூட இருப்பதை 1983இல் கண்டுபிடித்தார்கள். அவர்களும் எங்களைப்போலக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள். கோப்பிக்கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்ரோல் என்ற பொருள்தான் காரணம். கடதாசி வடி அதைப் பிடித்துவிடும், பித்தளை வடியும் துணியும் அந்த அளவுக்குப் பிடிக்காது. தங்கச்சி வந்தபோது கடதாசி வடி இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். முடிந்ததும் பின்னேரக் கோப்பியை பிளேன்ரீ ஆக்கிவிட்டேன். கோப்பியை முழுவதும் விடச் சொன்னால் நான் குளிசையைத்தான் தேர்ந்திருப்பேன்.

கூட்டிக்கொண்டது நார். தண்ணீரில் கரையும் நார்தான் இதற்கு வேலை செய்யும். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோக, ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்தில் இருந்து கொலஸ்ட்ரோலை எடுக்கும். காலையில் இரண்டு நாள் ஓட்ஸ் கஞ்சி, மற்ற நாளில் அவித்த பயறோ கௌபியோ கடலையோ. வெண்டிக்காயும் கத்தரிக்காயும் பொரிக்காமல் குழம்பு வைத்தேன். கிழமைக்கு இரண்டு தரம் வல்லாரைச் சம்பல், அது மருந்தென்று இல்லை, பிடிக்கும். இரவில் ஒரு கரண்டி இசப்பகோல் என்ற நார்த்தூள், பெரிய கிளாஸ் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே கட்டிபடும், கவனம். வேறு குளிசைகள் போடுபவர்கள் அவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுவது நல்லது.

ரொறன்ரோ மச்சாள் ஒரு போத்தல் அனுப்பியிருந்தா. "இது முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை" என்று குரல் செய்தியும் வந்தது. சிவப்பு ஈஸ்ட் அரிசிக் கப்சூல். லேபிளைப் படித்துத் தேடிப் பார்த்தேன். அதில் இருக்கும் மொனகொலின் கே என்பதும் 1987இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் வகைக் குளிசையான லோவஸ்டற்றினும் ஒரே பொருள். ஒரு கப்சூலில் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் உறுதியில்லை. குளிசை வேண்டாம் என்று குளிசையையே, அதுவும் அளவு தெரியாமல் விழுங்க இருந்தேன். போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, மச்சாள் வரும்போது காட்ட.

நடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிழமைக்கு நாலு நாள் விடியவும், ஞாயிறில் பண்ணைக் கடற்கரையிலும் நாற்பது நிமிசம். நடையால் எல்டிஎல் பெரிதாக இறங்காது, ரைகிளிசரைட்டும் இடுப்பும்தான் இறங்கும். எனக்கு நாலு கிலோ குறைந்தது.

2025 மாசியில் எடுத்தபோது எல்டிஎல் 141. ஐப்பசியில் 133. தொடக்கத்தில் இருந்து பார்த்தால் 21 வீத இறக்கம். தேங்காய் எவ்வளவு, கோப்பி எவ்வளவு, நார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றியவளுக்கு அந்த உரிமை கிடையாது. ஒரே ஆளுக்கே எல்டிஎல் நாளுக்கு நாள் ஏழெட்டு வீதம் ஏறி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 168உம் 170உம் எனக்கு ஒரே எண். 141உம் 133உம்கூட அப்படித்தான் இருக்கலாம். காய்ச்சல், தடிமன் வந்த கிழமையில் எடுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதனால் ஒரே ஆய்வுகூடம், உடம்பு சுகமாக இருக்கும் நாள், மூன்று மாதத்துக்கு முன் மறுபடி எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரைகிளிசரைட் 400ஐத் தாண்டியவர்களுக்கு, மொத்தத்தில் இருந்து கழித்து எல்டிஎல் எடுக்கும் வழமையான சூத்திரம் சரிவராது. ரிப்போர்ட்டில் எல்டிஎல் அளந்ததா, கணித்ததா என்று கேளுங்கள்.

மாசியில் வந்த அந்த வெற்றியை நான் கொஞ்சம் ஊதித்தான் விட்டேன். குடும்ப வட்ஸ்அப்பில் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போட்டேன். "ஒரு குளிசைகூட இல்லை" என்று கீழே எழுதினேன். 27 பேர் கைதட்டினார்கள். அதில் அண்ணாவும் ஒருவர்.

அண்ணா சாவகச்சேரியில் இருக்கிறார். 61 வயது. ஸ்டென்ற் வைத்த நாளில் இருந்து ஸ்டற்றின் போட்டுவந்தவர், எல்டிஎல் 70க்கு அருகில் நின்றது. கால் உளைகிறது, குளிசையால்தான் என்று அடிக்கடி சொல்வார். என் படத்தைப் பார்த்த அடுத்த கிழமை குளிசையை நிறுத்திவிட்டு, கப்பிப்பால் சொதியும் ஓட்ஸும் தொடங்கியிருக்கிறார். அண்ணிக்கும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை, தோட்டத்தில் வாளி தூக்கும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். தப்பினார். அங்கே எடுத்த எல்டிஎல் 149. குளிசையை விட்டதால்தான் வந்தது என்று எந்த டொக்டரும் அடித்துச் சொல்லவில்லை. விட்டிருக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான் போனபோது கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார். "நீ போடேல்லைத்தானே, பிள்ளை? எனக்கும் சாப்பாட்டால குறையும் எண்டு நினைச்சன்."

கட்டிலின் ஓரத்தில் இருந்து அவருடைய கணக்கைச் சொன்னேன். நாள அடைப்பு ஏற்கெனவே உள்ள நூறு பேரை நிற்பாட்டினால் நாலு பேருக்கு இல்லை, முப்பது பேருக்கு மறுபடி வரும் என்று வையுங்கள் அண்ணா. அதே மூன்றிலொன்று அங்கே பத்துப் பேர். என் கணக்கில் அது ஒன்று. சூத்திரம் ஒன்றுதான், போடுகிற எண் வேறு. 1994இல் நோர்டிக் நாடுகளில் 4444 இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் சிம்வஸ்டற்றின் போட்டவர்களில் மரணம் 30 வீதம் குறைந்தது, அவர்கள் எல்லாரும் உங்களைப் போன்றவர்கள்தான், என்னைப் போன்றவர்கள் இல்லை. அண்ணா கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரர் அவர். "இதை அந்தப் படத்துக்குக் கீழ எழுதியிருக்கலாம்" என்றார்.

கால் உளைவுக்கும் வழி இருந்தது, கேட்கத்தான் இல்லை. டொக்டர் வேறொரு ஸ்டற்றினைக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டாவது மருந்தொன்றும் சேர்த்தார். 2020இல் வந்த சாம்சன் என்ற ஆய்வையும் சொன்னார். ஸ்டற்றின் ஒத்துவரவில்லை என்று விட்ட 60 பேருக்குச் சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் மருந்தில்லாத வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை. இரண்டு குளிசையில் எது எது என்று அவர்களுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். உண்மைக் குளிசையில் வந்த உபாதையில் 90 வீதம் வெறும் குளிசையிலும் வந்தது. வலி பொய்யில்லை, வலி வலிதான். குளிசையால் என்பதுதான் பல நேரம் பொய். தசை நோவு கடுமையாகி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் மட்டும் அது வேறு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தப் படத்தைக் குரூப்பில் இருந்து அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை. கீழே நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். அதற்கு நாலு பேர்தான் கைதட்டினார்கள்.

ஐப்பசி ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது. மூன்று மாதச் சீனிச் சராசரி 5.8. 5.7இல் இருந்து 6.4 வரை சீனி வருத்தத்தின் வாசற்படி. கிளினிக் கொப்பியில் நான் கையெழுத்து வைத்த பக்கத்தை டொக்டர் திருப்பிக் காட்டினார். இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் வயதும் ஒன்று கூடிவிட்டது, பெட்டி மாறலாம் என்றார். இரவுப் புட்டைப் பாதியாக்கி, குரக்கன் கலக்கச் சொல்லியிருக்கிறார். மறுபடி தை மாதம் எடுக்க வேண்டும். பொங்கலுக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்று கேட்டேன்.

"நல்லூருக்குப் பிறகு எடுத்த ஆள்தானே நீங்கள்" என்றார், "பொங்கலுக்குப் பிறகு எடுங்கோ."